மேல்தடத்தில் கிடந்த தழை

என் சைக்கிளுக்கு எங்கள் தெருவில் ஆட்டுக்கடா என்று பெயர். கைப்பிடி இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி வளைந்து கீழே இறங்குவதால் வந்த பெயர். நாளடைவில் அது சைக்கிளை விட்டுவிட்டு என் மேல் ஏறிக்கொண்டது. "ஆட்டுக்கடா மலைக்குப் போயிடுச்சுங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "விடியறதுக்குள்ளயே போயிடுச்சுங்க. பசிச்சா வூட்டுக்கு வந்துரும்" என்பாள் என் மனைவி.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஜோலார்பேட்டை சேலம் ரயில் பாதையில், பொம்மிடிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. பெரும்பாலும் மதிய ஷிப்ட். சில வருடங்களுக்கு முன்பு ரத்தத்தில் சர்க்கரை என்று சொன்ன டாக்டர், தினமும் நடக்கச் சொன்னார். நடப்பவர்களைப் பார்த்தாலே எனக்குச் சோர்வாக இருக்கும். அதனால் பெங்களூரில் ஒருவர் ஓட்டிச் சலித்துப்போன கிராவல் சைக்கிளை வாங்கினேன். ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும், ஆனால் டயர் அகலம். தார் ரோட்டிலும் ஓடும், சரளையிலும் செம்மண்ணிலும் ஓடும். டயருக்குள் ட்யூப் கிடையாது. பால் போன்ற ஒரு திரவம் இருக்கும், சின்ன முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். வேலிக்காத்தான் முள்ளுக்கு முன்னால் அந்தப் பாலும் தோற்றுவிடும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் மாவட்டத்தைக் கிராவல் சைக்கிளுக்கென்றே யாரோ போட்டு வைத்த மாதிரி இருக்கும். ஒகேனக்கல் பக்கம் யானைக்காடு. அங்கே நான் போவதில்லை. வீரம் என்பதை நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்துதான் காட்டுவேன். மொரப்பூர்ப் பக்கம் ஏரிக்கரை வழிகள், தண்டவாளத்தை ஒட்டிய வண்டித்தடங்கள், புளியமரம் போட்ட பழைய சாலைகள். எங்கள் பக்கம் மலை. மலையைச் சுற்றிக் காட்டிலாகா போட்ட சரளை ரோடுகள், கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைகள், ஆடுமாடு நடந்து நடந்து அழுந்திய ஒற்றையடிப் பாதைகள். ஒரு காலைப் பொழுதில் தார், செம்மண், ஜல்லி, பாறை, மணல் என்று ஐந்து விதமான தரையும் சக்கரத்துக்குக் கீழே வந்து போகும்.

வழிகளை நான் எழுதி வைப்பேன். போனில் ஒரு ஆப் உண்டு. நாம் போகிற வழியெல்லாம் அதில் கோடாகப் பதிவாகும். அதைப் போட்டு, கூடவே குறிப்பு எழுதினால் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள் இறக்கிக்கொண்டு சனி ஞாயிறில் வந்து ஓட்டுவார்கள். "மூன்றாவது சிறுபாலம் தாண்டி இடது பக்கம் இறங்கவும். மணல் ஆழம், கியரைக் குறைத்துக்கொள்ளவும். இந்த வீட்டில் நாய் உண்டு, குரைக்கும், கடிக்காது." இப்படி எழுதுவேன். மூன்று முறையாவது ஓட்டாத வழியை நான் போடுவதில்லை. என் வழிகளுக்குக் கீழே வருகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் எழுதுவார்கள்: வழி சுத்தமாக இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். ஏனென்றால் அந்தச் சுத்தம் என் கை வேலை.

சைக்கிள்காரர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் பாதையில் கிடக்கும் கிளை, உருண்ட கல், உடைந்த பாட்டில் எதுவானாலும் இறங்கி ஓரமாக எடுத்துப் போட வேண்டும். பின்னால் வருகிறவர் இறக்கத்தில் வேகமாக வருவார். ஒரு கிளை போதும், தூக்கி எறிந்துவிடும். பலர் சோம்பேறித்தனத்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அப்படி இல்லை. இயல்பிலேயே நான் ஒழுங்கு பிடித்தவன். வரிசையில் ஒருவர் முண்டினால் கவுண்டரை மூடிவிட்டுக் காத்திருப்பேன். ரயில் போனாலும் சரி. அந்த ஆத்திரத்தையெல்லாம் மலையில் கிளைகள் மேல் காட்டுவேன்.

என் வழிகளில் எனக்கே மிகவும் பிடித்தது மலையைச் சுற்றி ஏறி இறங்குகிற ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம் தார் ரோடு, கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறும். உச்சியில் சமவெளி மாதிரி நிலம். சாமையும் காபியும் சீத்தாமரங்களும், நடுவில் நாற்பது ஐம்பது வீடுகள். அங்கிருந்து எங்கள் பக்கம் இறங்குவது குதிரைத்தடம். மலைக்கு ரோடு வந்தும் குதிரைத்தடம் ஏன் இருக்கிறது என்றால், பழம் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ரோட்டில் வந்தால் மலையையே சுற்ற வேண்டும். குதிரை ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும்.

தடம் பாதி மலையில் இரண்டாகப் பிரியும். மேல்தடம் பாறையின் இடுப்பை ஒட்டிச் சாய்வாகப் போகும். குதிரைக்கும் சைக்கிளுக்கும் சுகம். கீழ்த்தடம் படிப்படியாகக் கல் இறங்கி, ஓடையைக் கடந்து, சுற்றி வரும். சுமையோடு வருகிற குதிரைக்கு முழங்கால் போய்விடும். அடிவாரத்தில் இரண்டும் ஒன்று சேரும். அங்கே ஒரு டீக்கடை. கடையை நடத்துகிற அக்கா கணவனை இழந்தவர். மலையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும்.

அந்தத் தடத்தில் குதிரை ஓட்டி வந்தவர்கள் இரண்டே பேர், ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும். அண்ணனுக்கு என் வயது இருக்கும். என்னைக் கண்டால் குதிரையை மலைப்பக்கம் ஒதுக்கி, அதன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "போங்க சார், போங்க" என்பார். தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம், கல்யாணம் ஆகாதவர், அண்ணன் வீட்டிலேயே இருந்தார். ஒருமுறை என் டயர் பாறையில் கிழிந்து பால் எல்லாம் கொட்டிவிட்டது. நான் திட்டிக்கொண்டு நின்றபோது பின்னால் வந்த தம்பி சைக்கிளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரம் வரை நடந்தார். "இவ்ளோ லேசா இருக்குது, இதுக்கு எதுக்குங்க சக்கரம்?" என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசுவோம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் இரவு முழுக்க மழை. நாலு மணிவாக்கில் விட்டிருந்தது. மழைக்கு மறுநாள் சரளை இறுகி, தூசி அடங்கி, சைக்கிளுக்கு அருமையாக இருக்கும். நாலரைக்கே கிளம்பி, அந்தப் பக்கத்து ரோட்டில் ஏறி, ஏழரை மணிக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மரம் உதிர்த்த கிளைகள். பத்து இடத்திலாவது இறங்கியிருப்பேன். ஊரைக் கடந்து குதிரைத்தடத்தில் இறங்கினேன்.

தடம் பிரிகிற இடத்தில், மேல்தடத்துக்குக் குறுக்கே இலையோடு ஒரு புங்கன் கிளை கிடந்தது. அதன் மேல் ஒரு கல். கிளையின் அடி, அரிவாளால் சாய்வாக வெட்டியது போல் சுத்தமாக இருந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒத்துவரவில்லை. பார்த்தேன், பதினோராவது கிளை என்று நினைத்தேன், எரிச்சல் பட்டேன். கல்லைக் காலால் தள்ளினேன். கிளையைத் தூக்கிக் கீழே புதருக்குள் எறிந்தேன். ஏறி உட்கார்ந்து மிதித்தேன்.

இருநூறு அடி தள்ளி, பாறை ஓரத்தில் தடத்தின் வெளிப்பக்கம் அரித்திருந்தது. மேலே புல்லும் மண்ணும் அப்படியே இருக்க, அடியில் தண்ணீர் குடைந்து எடுத்துவிட்டிருந்தது. சைக்கிளைத் தோளில் போட்டு, பாறையை ஒட்டி நாலு எட்டு வைத்துத் தாண்டினேன். எனக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. தாண்டிய பிறகு நின்று, போனை எடுத்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து எழுதினேன்: "தடம் உள்ளே அரித்திருக்கிறது. இறங்கி, மலைப்பக்கமாக நடக்கவும்." வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஷிப்டுக்குப் போனேன். சாயங்காலம் போனைப் பார்த்தபோது அந்தக் குறிப்புக்கு இரண்டு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

பிறகு மழையும் வேலையுமாக இரண்டு வாரம் மலைப்பக்கம் போகவில்லை. போன அன்று டீக்கடையில் உட்கார்ந்து, குதிரை எதுவும் இறங்கக் காணோமே என்று கேட்டேன்.

"உங்களுக்கு விசயமே தெரியாதுங்களா?" என்றார் அக்கா. "போன மாசக் கடைசில ராத்திரி பூரா மழ கொட்டுச்சே, அது விட்ட அன்னிக்கே குதிர செத்துப்போச்சுங்க. பழ மூட்டையோட மேல்தடத்துல வந்திருக்குது, தடம் அப்படியே உள்ள வாங்கிருச்சு. அண்ணங்காரரு கவுத்த விடவே இல்லீங்களாம். ரெண்டு கையும் தோலு உரிஞ்சு போச்சு. கீழ கெடந்து சாயங்காலம் வரைக்கும் கத்துச்சுங்க, இங்க கேட்டுச்சு."

நான் டீ டம்ளரை வைத்துவிட்டேன். அரிப்பு எனக்குத் தெரியும், நானே தாண்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்ததுக்குப் போய்விட்டார்.

"குதிர போனதுகூடப் பெருசில்லீங்க. இப்ப அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. தம்பிதான் அன்னிக்கு விடியக்கால மொதல்ல எறங்குனாரு, பஸ்ஸுக்கு. மேல்தடத்துல வந்து பார்த்து, அரிச்சிருக்குதுன்னு திரும்பிப் போயி, தழையப் போட்டுட்டு, கீழ்த்தடத்துல வந்தேங்கறாரு. அண்ணன், தழையே இல்ல, நீ போடலங்கறாரு."

"தழையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பத்து வயதுப் பையனாகிப்போனேன். மலைக்காரர்களில் முதலில் போகிறவர், பின்னால் வருகிறவர் போகக்கூடாத தடத்தில் பச்சைத் தழையை வெட்டிக் குறுக்கே போடுவார். காற்றில் போகாமல் மேலே ஒரு கல் வைப்பார். கரடி நின்றாலும், தேன்பூச்சி கலைந்திருந்தாலும், தடம் கெட்டிருந்தாலும் தழைதான். இலை பச்சையாக இருந்தால் இன்றைய சேதி, வாடியிருந்தால் பழசு. போட்டவர்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. இவ்வளவையும் அக்கா சொன்னது ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் யாரும் மலைக்காரர்களிடம் பழத்தின் விலையைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

"தழையப் போட்டிருந்தா போட்ட எடத்துலதானே இருக்கணும்? அதான் அண்ணங்காரரு கேக்கறாரு," என்றார் அக்கா. "மேல்தடத்து ஈரத்துல சைக்கிள் டயரு தடம் இருந்துச்சாமே. தழை கெடந்தா எவனாச்சும் அத மீறிப் போவானான்னு கேக்கறாருங்க. நியாயந்தானுங்களே? நீங்க போனப்ப தழை இருந்துச்சுங்களா?"

"கவனிக்கலீங்க" என்றேன்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அக்கா வாய்விட்டே கேட்டார். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்கிற மாதிரி. நான்தான் போகவில்லை. என் டயர் தடம் அந்தத் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது புரிந்ததும் எனக்குப் பயம் வந்தது. குதிரையைக் கொன்றவன் என்று மலை முழுக்கப் பெயராகும், அதன் பிறகு அந்தத் தடத்தில் சக்கரம் வைக்க முடியாது. என் முதல் நினைப்பு வழியைப் பற்றித்தான் இருந்தது, மனிதரைப் பற்றி இல்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

வருகிற அமாவாசைக்குக் கோயிலில் சத்தியம் வைத்திருக்கிறார்கள் என்றும் அக்கா சொன்னார். தம்பி தழை போட்டது உண்மையானால், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொல்ல வேண்டும். அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டாள். "நாளைக்குக் காலையிலயே போயிச் சொல்லிட்டு வந்துருங்க" என்றாள். நாளைக்கு மழை. அடுத்த நாள் உடன் வேலை செய்கிறவர் லீவு, இரண்டு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் மண்டியிட்டுச் சொன்னேன். சாமியாருக்குச் சரியாகப் புரியவில்லை. "கிளையை எடுத்தது எப்படிப்பா பாவமாகும்?" என்றார். முழுவதும் விளக்கினேன். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஐந்து முறை சொல்லச் சொன்னார். அந்தக் குடும்பத்தாரிடமும் பேசச் சொன்னார். ஐந்தையும் அங்கேயே சொல்லி முடித்துவிட்டேன்.

வெளியே வந்ததும் மனைவி, "சாமியாருக்கா குதிர செத்துச்சு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டாவது கிளம்பியிருப்பேன்.

மீதி நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பதைச் சொல்ல எதுவும் இல்லை. எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி உண்மையைத்தான் சொல்கிறார். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வார், கை கொஞ்சம் சுடும், ஊர் நம்பிவிடும். தழையைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று என்று முடித்துவிடுவார்கள். நான் போய் இடையில் விழ வேண்டிய அவசியமே இல்லை. உண்மை பேசுகிறவனுக்குப் பயம் என்ன என்று, பேசாமல் இருந்த நான் அவருக்காகத் தைரியமாக இருந்தேன். அமாவாசை போயிற்று. அன்றைக்கு நான் மொரப்பூர்ப் பக்கம் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டினேன்.

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மதியம். கவுண்டருக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள், வண்டிக்கு எட்டு நிமிடம் இருந்தது. "திருப்பூர் ஒண்ணு" என்று ஒரு குரல் வந்தது. நிமிர்ந்தால் தம்பி. தோளில் ஒரு பை. வலது உள்ளங்கையைப் பார்த்தேன். சூட்டுத் தழும்பு எதுவும் இல்லை.

"என்ன தம்பி, திருப்பூருக்கா?"

"ஆமாங்க சார். பனியன் கம்பெனில ஆள் கேக்கறாங்க. கூட்டாளி ஒருத்தன் அங்க இருக்கறான்."

"கோயில்ல என்ன ஆச்சு?"

எனக்கு இது எப்படித் தெரியும் என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. "சத்தியம் பண்ணலீங்க" என்றார். "நான் பண்ணுனா அண்ணன் சொல்றது பொய்யின்னு ஆயிடுதுங்களே. பொய் சொன்னவன் வூட்டுப் புள்ளைங்க மேலதாங்க சாமி குத்தம் எறங்கும். அண்ணனுக்கு ரெண்டு புள்ளைங்க. அதான், நான் போடல, மறந்துட்டேன்னு சொல்லிட்டேங்க."

பின்னால் நின்றவர் "வண்டி வந்துரும், சீக்கிரம்" என்று சத்தம் போட்டார். வழக்கமாக அப்படிக் கத்துகிறவருக்கு நான் கவுண்டரை மூடிவிடுவேன். அன்று மூடவில்லை. அந்தச் சத்தம் எனக்கு உதவியாக இருந்தது. டிக்கெட்டை அடித்தேன், கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். அவர் எடுத்துக்கொண்டு, "வர்றேங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி ஆளுக்கும் டிக்கெட் கொடுத்து முடித்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. பிளாட்பார வாசலில் போய் நின்று பார்த்தேன். எந்தப் பெட்டியில் ஏறினார் என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் மலைக்குப் போனேன். சைக்கிளை அடிவாரத்து டீக்கடையிலேயே விட்டுவிட்டு, கீழ்த்தடத்தில் நடந்து ஏறினேன். நடப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அண்ணன் வீட்டு வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். குதிரை இல்லாததால் இப்போது தலைச்சுமைதான். உள்ளங்கைகள் இரண்டிலும் கயிறு உரித்த இடம் புதுத் தோலாகப் பளபளவென்று இருந்தது. "நடந்தா வந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டு, உட்காரச் சொல்லி, அவர் மனைவியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தண்ணீரைக் குடிக்காமல் சொன்னேன். கிளை, கல், அரிவாள் வெட்டு, புதர், எல்லாவற்றையும். எனக்கு அந்த வழக்கம் தெரியாது, வண்டிக்கு இடைஞ்சல் என்று எடுத்துப் போட்டேன், உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை என்றேன். இவ்வளவு நாள் பயந்துகொண்டு சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

அவர் மூட்டையின் முடிச்சைப் போட்டு முடித்தார். "நீங்க இந்த மலையடியிலயே பொறந்தவங்க" என்றார். "தழைய எடுக்கறதா? மாடு மேய்க்கறவன்கூட எடுக்க மாட்டானுங்களே சார்."

போனை எடுத்துக் காட்டினேன். அன்றைய தேதி, நான் போன கோடு, தடம் பிரிகிற இடத்தில் நான் நின்ற நேரம், அரிப்பு இருந்த இடத்தில் நான் வைத்த புள்ளி. அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார். அவர் மனைவியும் எட்டிப் பார்த்தார்.

"கோடு தெரியுதுங்க. மேல்தடத்துலதான் போயிருக்கறீங்க. அதான் நானும் சொன்னேன்" என்றார். "தழை தெரியலீங்களே."

பிறகு தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "சைக்கிள் சார் வந்திருக்கறாரு. தழைய அவருதான் எடுத்துப் போட்டாராம். நீ போட்டியாடா? உள்ளதச் சொல்லு."

"சார்கிட்டக் குடுண்ணா" என்றார் தம்பி.

போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சீத்தாமரத்துப் பக்கம் தள்ளி நின்றேன்.

"அமாவாசைக்கு முன்னால வந்திருக்கக் கூடாதுங்களா சார்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "வந்திருந்தா உங்க கால்ல வுழுந்திருப்பேன். இப்ப சாமி முன்னால நின்னு போடலைன்னு சொல்லிட்டேன். இல்ல, போட்டேன்னு மாத்தினா, சாமி முன்னால சொன்னது பொய்யாயிடும். அதுவும் எங்க வூட்டு மேலதான் வரும். அந்தப் புள்ளைங்க ரெண்டும் அங்கதான இருக்குதுங்க. வுட்டுருங்க சார். அண்ணங்கிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். "சாப்டியா?" என்று ஒன்று கேட்டார். அவர்கள் பேசி ஒரு மாதம் இருக்கும். பிறகு போனை மடியில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"போடலைன்னுதாங்க சொல்றான். மறந்துதான் போயிருக்கறான்."

தம்பி என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். வாசலில் அவருடைய சின்னப் பெண் ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. "நான் எடுத்தது நிஜங்க" என்று இன்னொரு தடவை சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார் அவர். "நாங்க ஒண்ணாகணும்னு இவ்ளோ தூரம் ஏறி வந்து பழியத் தலைல தூக்கி வெச்சுக்கறீங்க. எங்க சாதிசனம்கூட இப்படிச் செய்யலீங்க." அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பாதித் தடம் வரை மூட்டையோடு கூடவே வந்தார். தடம் பிரிகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு உதவி செய்ய வேண்டும் என்றார்.

"பண்டிகைக்கு வந்தா தம்பி உங்க ஸ்டேஷன்லதாங்க எறங்குவான். நான் சொன்னா எடுத்துக்க மாட்டான். நீங்க படிச்சவங்க. போற எடத்துலயாவது மறதி இல்லாம, பொறுப்பா இருக்கச் சொல்லுங்க சார்."

"சரிங்க, சொல்றேன்" என்றேன்.